வாக்கெடுப்புக்கு வழிமாறிய நோயாளர் வண்டி

பெயர்: செபமாலைமுத்து மேரிசாந்தி. வயது: நாற்பத்தொன்று. பிறந்த இடம்: மன்னார், இலங்கை. முகவரி: வால்தம்ஸ்டோ, கிழக்கு லண்டன், இரண்டாம் மாடி வீடு. தொழில்: தனியார் நிறுவனமொன்றில் நோயாளர் வண்டிப் பொறுப்பாளர். கணவர் சூசைதாசன், பிள்ளைகள் இருவர்.

மேற்படி நான் மத்திய லண்டனிலுள்ள பொலிஸ் நிலையத்தில், என் சட்டத்தரணி திரு. அருட்பிரகாசம் பக்கத்தில் இருக்க, இந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் திருமதி சிவகௌரி இதைத் தமிழிலேயே எழுதுகிறார். வேலைக்குப் போதுமான ஆங்கிலம் எனக்குத் தெரியும். ஆனால் இன்று நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன் என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன். நான் சந்தேக நபராகப் பேசுகிறேன் என்பதும், பேச விருப்பமில்லாவிட்டால் பேசாமல் இருக்கலாம் என்பதும் எனக்கு விளக்கப்பட்டன. எனக்குப் பேச விருப்பம்.

இன்று புதன்கிழமை. மதியத்துக்குப் பிறகு கிழக்கு லண்டனில் ஒரு வைத்தியசாலையிலிருந்து ஒரு நோயாளியை ஏற்றிக் கிங்ஸ்பரியிலுள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும்படி எங்களுக்கு வேலை தரப்பட்டிருந்தது. வண்டியை ஓட்டியவன் டினேஷ். அவன் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறான், என்னை அக்கா என்று கூப்பிடுவான், நான் சொல்கிறபடி ஓட்டுவது அவனுடைய வேலை. எங்களுடையது அவசர வண்டி அல்ல. அதில் நீல விளக்கோ சைரனோ கிடையாது. நடக்க முடியாதவர்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய் விடுகிற வண்டி.

நோயாளியின் பெயர் டொறத்தி பென்ஹாலோ. எழுபது வயதைத் தாண்டியவர். ரயில் நிலையப் படிக்கட்டில் விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்திருந்தார்கள். அந்தக் காலை நீட்டியபடியே வைத்திருக்க வேண்டும், மடக்கவும் கூடாது, நிலத்தில் ஊன்றவும் கூடாது என்று தாதி எனக்குச் சொன்னார். காலையில் வலிக்கு வலுவான மருந்து கொடுத்திருப்பதையும் சொன்னார். அவர் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் என்பதை யாரும் சொல்லவில்லை. கட்டிலருகில் ஜெனோஜா என்ற இளம்பெண் இரண்டு கைபேசிகளுடன் நின்றாள். அவள் லண்டனில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, அந்த அம்மையாரின் அலுவலகத்தில் உதவியாளராக வேலை செய்கிறவள். அவளும் எங்களுடன் வண்டியில் ஏறினாள்.

வண்டி புறப்பட்டதும் அந்த அம்மையார் என்னைப் பார்த்து, கிங்ஸ்பரிக்குப் போகமுன் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்து, ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு அவருடைய கம்பளியைச் சரிசெய்தேன். அப்போது ஜெனோஜா என் கையைப் பிடித்தாள்.

"அன்ரி, அவ பகிடிக்குச் சொல்லேல்லை. இண்டைக்கு வோட். அவ போகாட்டி நாங்கள் தோத்திடுவம்."

அதன் பிறகு அம்மையார் விளக்கினார். அவர் மெதுவாக, ஒரு வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னார். இந்த நாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டு அரசுகளுக்கு ஆயுதம் விற்பதற்கு அமைச்சர் அனுமதி கொடுக்கிறார். பாராளுமன்றம் அதைப் பற்றி அறிவதும் கேள்வி கேட்பதும் அனுமதி கொடுத்துப் பல மாதம் கழித்துத்தான். விசாரிக்கிற குழு கூடும்போது பெட்டிகள் கப்பலில் ஏறிப் போய்ச் சேர்ந்துவிட்டிருக்கும். இன்று விவாதத்தில் இருந்த சட்டமூலத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்க்க அவரும் இன்னும் சிலரும் முயன்றார்கள். பெரிய விற்பனை எதுவானாலும் அமைச்சர் அதை முதலில் பாராளுமன்றத்தின் முன் வைத்து, அங்கே ஒப்புதல் கிடைத்த பிறகே அனுமதி கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. அம்மையார் ஆளும் கட்சிக்காரர். அவருடைய கட்சியோ அதை எதிர்த்தது. தனக்குப் பதிலாக வேறொருவர் வாக்களிக்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாமாம், ஆனால் அவர் விழுந்தது அதற்கு இடம் வைக்காத நேரத்தில்.

நான் அவரிடம், வண்டி எங்கே போக வேண்டும் என்பதை நான் தீர்மானிப்பதில்லை, கட்டுப்பாட்டு அறைதான் தீர்மானிக்கிறது என்று சொல்லி, அவர் முன்னிலையிலேயே கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, நோயாளி இப்படிக் கேட்கிறார் என்று அறிவித்தேன். அங்கே இருந்தவர் நேரே கிங்ஸ்பரிக்குப் போகும்படி சொன்னார். நோயாளிக்கு முறைப்பாடு இருந்தால் பிறகு எழுதட்டும் என்றார். அதை நான் அம்மையாருக்குச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. வைத்தியசாலை தன்னை விடுவித்துவிட்டது, தான் கைதி அல்ல, ஆகவே வண்டியை நிறுத்தித் தன்னை நடைபாதையில் இறக்கிவிடும்படி கேட்கத் தனக்கு உரிமை இருக்கிறது, இறக்கிவிட்டால் வாடகைக் கார் பிடித்துக்கொள்வேன் என்றார். சொல்லிக்கொண்டே இடுப்புப் பட்டியைக் கழற்றத் தொடங்கினார்.

அந்தக் காலோடு அவர் ஒரு வாடகைக் காரின் பின் ஆசனத்தில் ஏறினால் கால் மடங்கும், தகடு வைத்த இடம் கெடும். அவரை றோட்டில் விடுவதைக் காட்டிலும் நானே கொண்டுபோவது அந்தக் காலுக்குப் பாதுகாப்பு என்று தீர்மானித்தேன். இது ஒரு காரணம். அதிகாரி கேட்டபடியால் மற்றக் காரணத்தையும் சொல்கிறேன்.

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது எங்கள் பங்குக் கோயிலின் பின்புறத்தில் ஓர் எறிகணை வெடிக்காமல் மண்ணில் குத்திக்கொண்டு நின்றது. அதற்கு முன் வந்தவை வெடித்திருந்தன. என் சிநேகிதி ஜெஸ்ரின் அங்கே தண்ணீர் எடுக்கப் போனவள், திரும்பி வரவில்லை. மறுநாள் நாங்கள் தூர நின்று பார்த்தபோது, நின்ற எறிகணையின் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. என்னை வாசிக்கச் சொன்னார்கள், ஏனென்றால் நான் ஆங்கிலப் பாடத்தில் கெட்டிக்காரி. நான் எழுத்துகளைச் சொன்னேன். அவை ஒரு சொல்லாக வரவில்லை. அது எந்த நாட்டில் செய்தது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. இந்த நாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதை விற்ற நாட்டில் யாராவது எழுந்து நின்று, இதை யாருக்கு விற்கிறீர்கள், எதற்கு என்று கேட்டிருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அப்படிக் கேட்க ஓர் இடமும், கேட்பதற்காகக் கட்டிலிலிருந்து எழும்பி வருகிற ஒருவரும் இருப்பதை இன்று மதியம்தான் அறிந்தேன்.

அதன் பிறகு டினேஷைக் கூப்பிட்டு வெஸ்ட்மின்ஸ்டருக்கு விடச் சொன்னேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, கட்டுப்பாட்டு அறை என்ன சொன்னது என்று கேட்டான். வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னேன். அப்படியென்றால் பொறுப்பு யாருடையது என்று கேட்டான். என்னுடையது என்றேன். ஆகவே டினேஷ் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதை இங்கே பதியும்படி கேட்கிறேன்.

ஆற்றங்கரை வீதியில் பிளாக்ஃபிரையர்ஸ் பக்கத்தில் றோட் வேலை நடந்தது, வாகனங்கள் நகரவில்லை. ஜெனோஜா தன் கைபேசியில் பாராளுமன்ற விவாதத்தை நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விவாதம் மாலைவரை போகும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அம்மையார் புறப்பட்டுவிட்டார் என்ற செய்தி எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆளும் கட்சி உறுப்பினர்கள் பேச எழும்பவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தார்கள். பேச ஆளில்லாவிட்டால், அம்மையார் போய்ச் சேருமுன்பே வாக்கெடுப்பு வந்துவிடும். அம்மையார் கைபேசியை வாங்கி, எழும்பி நீளமாகப் பேசும்படி சபையில் இருந்த தன் நண்பருக்குச் செய்தி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு மெலிந்த மனிதர் எழும்பிப் பேசத் தொடங்கினார். அவர் ஆயுத ஏற்றுமதியின் வரலாற்றைப் பீரங்கி கண்டுபிடித்த காலத்திலிருந்து தொடங்கினார்.

வண்டிக்குள் நாங்கள் நால்வரும் அந்த மனிதருடைய பேச்சைக் கேட்டோம். இதற்கு முன் ஒரு பேச்சு நீள வேண்டும் என்று நான் கோயிலில்கூட விரும்பியதில்லை. அவர் மூச்செடுக்க நிறுத்தும்போதெல்லாம், உட்கார்ந்துவிடுவாரோ என்ற பயத்தில் ஜெனோஜா, இருந்திடாதேயுங்கோ, இருந்திடாதேயுங்கோ என்று முணுமுணுத்தாள். முன்னால் டினேஷ் கதவைத் திறந்து இறங்கிப் போய், எங்களுக்கு முன்னால் நின்ற வேன்காரரிடமும் பஸ் சாரதியிடமும் கையெடுத்துக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு எடுக்கச் செய்தான். அவர்கள் வண்டிக்குள் உயிர் போகிற நோயாளி இருப்பதாக நினைத்திருக்கலாம். டினேஷ் அப்படிப் பொய் சொல்லவில்லை. "வண்டிக்குள்ள ஒரு அம்மா இருக்கிறா, அவவுக்கு நேரமில்லை" என்ற கருத்தில்தான் சொன்னதாக எனக்குச் சொன்னான்.

நடுவில் கட்டுப்பாட்டு அறை இரண்டு தடவை கூப்பிட்டது. முதல் தடவை நான் எடுத்து, வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போகிறோம், நோயாளி நலம் என்று சொன்னேன். உடனே திரும்பும்படி சொன்னார்கள். திரும்ப மாட்டேன் என்று சொன்னேன். இரண்டாம் தடவை எடுக்கவில்லை, ஏனென்றால் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை.

பாராளுமன்ற வாசலில் ஆயுதம் தாங்கிய பொலிசார் வண்டியை நிறுத்தினார்கள். முன்னறிவிப்பில்லாமல் ஒரு நோயாளர் வண்டி வந்தால் அவர்கள் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். டினேஷை இறக்கினார்கள், வண்டியின் கீழே கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள், ஒட்சிசன் சிலிண்டர் எதற்கு என்று கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். அம்மையார் தன் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டி, அவர்களில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவருடைய மகளுடைய பரீட்சை எப்படி என்று விசாரித்தார். அந்தப் பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே ஒட்சிசன் சிலிண்டரை முழுதாகச் சோதித்து முடித்துவிட்டுத்தான் எங்களை உள்ளே விட்டார்.

உள்முற்றத்தில் வண்டியை நிறுத்தியதும் ஜெனோஜா எனக்கு ஒரு வழக்கத்தை விளக்கினாள். நோயுற்ற உறுப்பினர் ஒருவர் பாராளுமன்ற வளாகத்துக்குள் வந்துவிட்டால், வண்டியை விட்டு இறங்காமலே அவருடைய வாக்கைக் கணக்கில் எடுக்கலாமாம். ஆனால் இரண்டு பக்கத்துக் கொறடாக்களும், அதாவது கட்சி உறுப்பினர்களை வாக்களிக்கத் திரட்டுகிறவர்கள், சம்மதிக்க வேண்டுமாம். அவள் ஓடிப் போய் ஆளும் கட்சிக் கொறடாவை அழைத்து வந்தாள். அவர் பெயர் திரு. கார்விக். நல்ல உயரம், நல்ல உடுப்பு. அவர் வண்டிக்குள் ஏறி முதலில் அம்மையாரின் கையைப் பிடித்துக் குசலம் விசாரித்தார். அது நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு, வீட்டுக்குப் போ டொறத்தி, உனக்கு எதிராக வாக்களிக்க இருக்கிற ஒருவரையும் வாக்களிக்காமல் இருக்கச் சொல்லிச் சமன்செய்து விடுகிறேன் என்றார். அம்மையார் முடியாது என்றார். அப்போது அவர் என் பக்கம் திரும்பி, இவருக்கு வலி மருந்து கொடுத்திருக்கிறார்களா, அது எவ்வளவு வலுவானது என்று கேட்டார்.

நான் ஓம் என்றேன். காலையில் கொடுத்தார்கள், வலுவானதுதான் என்றேன்.

திரு. கார்விக் கைகளை விரித்தார். மருந்தின் பிடியில் இருக்கும் ஒருவருடைய வாக்கை இப்படி வண்டியில் வைத்து ஏற்க நான் சம்மதிக்க முடியாது என்றார். ஜெனோஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. டினேஷ் பின்கதவருகே நின்று என்னிடம் கேட்டான்.

"ஏன் அக்கா சொன்னனீங்கள்?"

"கேட்டவர், சொன்னன். நோயாளியைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு ஏலாது."

அந்த நேரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. பீரங்கியிலிருந்து தொடங்கிய மனிதரைச் சபாநாயகர் உட்காரச் சொல்லிவிட்டார், வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்டுவிட்டது. முற்றம் முழுவதும், சுவர்களுக்குள்ளிருந்தும் தூண்களிலிருந்தும் மணி அடித்தது. எங்கிருந்தோவெல்லாம் ஆட்கள் கதவுகளுக்குள் ஓடினார்கள். மணி ஓய்வதற்குள் வாக்களிக்கும் கூடத்துக்குள் போய்விட வேண்டும், அதன் பிறகு கதவைப் பூட்டிவிடுவார்கள் என்று ஜெனோஜா அழுதுகொண்டே சொன்னாள். அம்மையார் என்னைப் பார்த்து, உங்கள் சக்கர நாற்காலி எங்கே என்று கேட்டார்.

நான் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். இறங்க வேண்டும் என்பது உங்கள் விருப்பமா, காலுக்குக் கெடுதல் வரலாம் என்பது விளங்குகிறதா, நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா. முதல் இரண்டுக்கும் ஆம் என்றார். மூன்றாவதுக்குச் சிரித்தார். நாங்கள் அவரை நாற்காலிக்கு மாற்றிக் கால்தாங்கியை நீட்டிப் பூட்டினோம். டினேஷ் தள்ளினான். நான் பக்கத்தில் ஓடினேன். ஜெனோஜா முன்னால் ஓடி வழி விடும்படி கேட்டாள். திரு. கார்விக் எங்களுடன் கூடவே வந்து, இது பைத்தியக்காரத்தனம் டொறத்தி, இது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கட்டடத்தை நான் முன்பு பார்த்ததில்லை. இன்றும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. சிலைகளும் சிவப்பு, பச்சை விரிப்புகளும் கடந்து போயின. ஒரு திருப்பத்தில் நடைபாதை ஒடுங்கி, நீட்டியிருந்த கால்தாங்கி சுவரில் முட்டியது. பின்னே எடுத்துத் திருப்ப நேரமில்லை. நான் கால்தாங்கியைக் கழற்றி நிலத்தில் போட்டுவிட்டு, அம்மையாரின் காலைக் குதியிலும் முழங்காலின் கீழும் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டேன். அதன் பிறகு நான் பக்கவாட்டில் நடந்தேன், டினேஷ் என் நடைக்குத் தக்கபடி தள்ளினான். அம்மையாருடைய முகத்தில் இரத்தமில்லை, ஆனால் கண்கள் பளபளத்தன. என் வாழ்க்கையில் நான் இப்படிச் சந்தோஷமாக இருந்தது எப்போதென்று யோசிக்கும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதிகாரி சிரித்தார், ஆனாலும் அது உண்மையானபடியால் எழுதும்படி சொன்னேன்.

ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஓரிடத்தில் தேநீர்க் கோப்பைகளுடன் சிலர் இருந்தார்கள். அவர்கள் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் இருக்கத் தீர்மானித்திருந்தவர்கள் என்று பிறகு ஜெனோஜா சொன்னாள். நாற்காலி அவர்களைக் கடந்தபோது ஒருவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். அதன் பின் இன்னொருவர் எழும்பினார். நான் பார்த்தது அந்த இருவரை மட்டுமே. எங்களுக்குப் பின்னால் எத்தனை பேருடைய காலடிச் சத்தம் வந்தது என்று திரும்பிப் பார்க்க என்னால் முடியவில்லை, என் கைகளில் கால் இருந்தது.

வாக்களிக்கும் கூடத்தின் கதவருகில் காவலர் எங்களை நிறுத்தினார். உறுப்பினர்கள் தவிர வேறு யாரும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். டினேஷிடமிருந்து நாற்காலியை ஓர் உறுப்பினர் வாங்கிக்கொண்டார். ஆனால் காலை நான் யாரிடமாவது கொடுக்க வேண்டும். எனக்கு மிகக் கிட்ட நின்றவர் திரு. கார்விக். நான் அவரிடம், இதைப் பிடியுங்கள், இங்கே ஒரு கை, இங்கே ஒரு கை, விட்டால் எலும்பு விலகும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் யோசிக்கவில்லை. நான் காட்டியபடியே இரண்டு கைகளையும் வைத்து ஏந்திக்கொண்டார், நல்ல பொறுமையாக ஏந்தினார். அதன் பிறகுதான் கதவைப் பார்த்தார். அது ஆம் என்று வாக்களிப்பவர்களின் கதவு. அவர் காலோடு உள்ளே போனால் தன் சொந்த அரசாங்கத்துக்கு எதிராக வாக்களித்தவராகக் கணக்கிடப்படுவார். அவர் கோட்டில் நின்றுவிட்டார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மையார் அவரைப் பார்த்துச் சொன்னதை நான் தெளிவாகக் கேட்டேன்.

"உள்ளே வா, அல்லது காலை விடு."

அவர் உள்ளேயும் போகவில்லை, காலையும் விடவில்லை. வேர்வை வழிய நின்றார். கதவுக்கு வெளியே மற்றப் பக்கச் சுவரோடு, கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உறுப்பினர் நின்றார், நரைத்த தலைமயிர், கடும் பச்சை மேலங்கி. உள்ளே போவதா இல்லையா என்று அதுவரை தீர்மானிக்காமல் நின்றவர் என்று பிறகு அறிந்தேன். அவர் கைகளை அவிழ்த்து வந்து, திரு. கார்விக்கின் கைகளுக்குக் கீழே தன் கைகளை வைத்து, சரி, எனக்குத் தாருங்கள் என்றார். திரு. கார்விக் கொடுத்தார். அந்தப் பெண் காலை ஏந்தியபடி நாற்காலியோடு உள்ளே போனார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் போனார்கள். கதவு பூட்டப்பட்டது.

திரு. கார்விக் திரும்பி, இல்லை என்று வாக்களிப்பவர்களின் கதவுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் நடந்து திரும்பி வந்தார். அந்தக் கதவும் பூட்டப்பட்டுவிட்டது. அவர் டினேஷுக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, இந்தச் சபைக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு வாக்கெடுப்பையும் தவறவிட்டதில்லை என்றார். டினேஷ் தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தான். அவர் வாங்கிக் குடித்தார். அதன் பிறகு அவர் என்னிடம், கால் விலகியிருக்குமா என்று கேட்டார். நீங்கள் நன்றாகப் பிடித்தீர்கள் என்று சொன்னேன்.

நாங்கள் காத்திருந்தோம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஜெனோஜா கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பார்க்கப் பயமாக இருக்கிறது அன்ரி என்றாள். டினேஷ்தான் அதை வாங்கிப் பார்த்தான். திரையில் வாக்குகளை எண்ணிய நால்வர் வரிசையாக நின்று தலை குனிந்தார்கள், அவர்களில் ஒருவர் முடிவை வாசித்தார். சத்தம் கைபேசியில் கேட்பதற்கு முன்பே சுவருக்கு அப்பால் கேட்டது. அது ஆட்கள் கத்துகிற சத்தம். வென்றுவிட்டோமா தோற்றுவிட்டோமா என்று எனக்கு விளங்கவில்லை. டினேஷ் நிமிர்ந்து, நாலு வாக்கு வித்தியாசம் என்றான். ஆருக்கு என்று நான் அவனுடைய சட்டையைப் பிடித்துக் கேட்டேன்.

"எங்களுக்கு அக்கா. எங்களுக்கு."

அந்த எங்களுக்கு என்ற சொல்லை அவன் சொன்ன விதத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் உடனே, நாலு என்றால் அம்மா வராவிட்டாலும் வென்றிருக்குமே என்றும் சொன்னான். ஜெனோஜா அதை ஏற்கவில்லை. அம்மையாரைக் கண்டு தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழும்பியவர்களையும் பச்சை மேலங்கிக்காரரையும் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். திரு. கார்விக் எங்கள் மொழி தெரியாவிட்டாலும் விரல் கணக்கைப் பார்த்து விளங்கிக்கொண்டார் போலும், தண்ணீர்ப் போத்தலை டினேஷிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போனார்.

அம்மையாரை வெளியே கொண்டுவந்தபோது அவரைச் சுற்றி நிறையப் பேர் நின்றார்கள். நான் அவர்களை விலக்கி, அவருடைய கால் விரல்களின் நிறத்தையும் சூட்டையும் நாடியையும் பார்த்தேன். நன்றாக இருந்தன. காயத்தின் கட்டுத்துணியில் இரத்தம் இல்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். பயங்கரமாக வலிக்கிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். டினேஷ் திரும்பிப் போய்க் கால்தாங்கியை எடுத்து வந்து பூட்டினான். இது இன்னும் சட்டமாகவில்லை என்று அம்மையார் வழியில் எனக்குச் சொன்னார். சட்டமூலம் மேல்சபைக்குப் போகும், அங்கே மாற்றுவார்கள், அரசாங்கம் இந்தப் பிரிவை வெட்டப் பார்க்கும், பிறகு அது இங்கே திரும்பி வரும், மறுபடியும் மணி அடிக்கும். அதற்குள் ஊன்றுகோலில் நடக்கப் பழகிவிடுவேன் என்றார்.

முற்றத்தில் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு பொலிசார் நின்றார்கள். நோயாளியும் வண்டியும் கடத்தப்பட்டதாக நிறுவனம் முறைப்பாடு செய்திருப்பதாகச் சொன்னார்கள். அம்மையார் தன்னை யாரும் கடத்தவில்லை, தான்தான் இவர்களைக் கடத்தினேன் என்றார். அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு அவர்களுடைய அனுமதியோடு, அவர்களுடைய கார் பின்னால் வர, நாங்கள் கிங்ஸ்பரிக்குப் போய் நோயாளியை ஒப்படைத்தோம். அங்கே தாதி காலைச் சோதித்து, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்றார். அம்மையார் கட்டிலில் சாய்ந்ததும் தூங்கிவிட்டார். அதன் பிறகு நான் பொலிசாருடன் இங்கே வந்தேன். டினேஷை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு என் பதில் இது. வண்டியை வேறு வழியில் கொண்டுபோக எனக்கு அனுமதி இருக்கவில்லை என்பது தெரியும். தெரிந்துதான் செய்தேன். நோயாளியை அவருடைய விருப்பத்துக்கு எதிராக எங்கேயும் கொண்டுபோகவில்லை. நிறுவனம் இன்று மாலையே என்னை வேலையிலிருந்து இடைநிறுத்தியிருக்கிறது, அதைப் பற்றி எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு அவர்களுடைய விதி இருக்கிறது. கணவருக்குப் போன் செய்தேன். அவர் முதலில் சாப்பிட்டேனா என்று கேட்டார், பிறகு செய்தியில் என்னுடைய முதுகு தெரிந்தது என்றார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விசாரணை முடியும்வரை என்னைப் பிணையில் விடும்போது, பாராளுமன்றப் பகுதிக்குப் போகக் கூடாது என்று நிபந்தனை போடக்கூடும் என்று என் சட்டத்தரணி சொல்கிறார். வேறு எந்த நிபந்தனையும் போடுங்கள், கிழமைக்கு ஒரு தடவை வந்து கையெழுத்து வைக்கச் சொன்னால் ஒவ்வொரு நாளும் வந்து வைக்கிறேன். அந்த ஒரு நிபந்தனையை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சட்டமூலம் திரும்பி வரும் நாளில் பொதுமக்கள் மாடத்தில் இருந்து பார்க்கப் போகிறேன். அங்கே யாரும் போகலாமாம், வரிசையில் நின்றால் போதுமாம், அதிகாரியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

இதில் எழுதியிருப்பதைத் திருமதி சிவகௌரி எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னேன், திருத்தினார். இதில் உள்ளது நான் கண்டதும் செய்ததும், ஒருவரும் வற்புறுத்தாமல் நானாகச் சொன்னதும் ஆகும். பொய் என்று தெரிந்து எதையும் இதில் வைக்கவில்லை என்று அறிந்தே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) செ. மேரிசாந்தி

சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்: (ஒப்பம்) சிவகௌரி, மொழிபெயர்ப்பாளர்